மூன்றரை வட்டிக்கு வாங்கி அத்தானுக்குக் கொடுத்த கதை

கேள்வி: எனக்கு 33 வயது. சென்னையில் ஐ.டி. வேலை, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. அப்பாவுக்கு அரசு பென்ஷன் வருகிறது. ஒரு வருடம் ஊர் சுற்றுவது என்று முடிவு செய்து, 2025 ஜனவரியில் வேலையை விட்டேன். கையில் ஏழே முக்கால் லட்சம். தனியாக 4 லட்சம் எஃப்.டி., அதைத் தொடுவதில்லை என்று வைராக்கியம். ஆபீஸ் வேலைக்காக வாங்கிய அமெரிக்க விசா இருந்ததால் கொலம்பியா, பெரு இரண்டையும் தனி விசா இல்லாமல் முடித்துவிட்டு, மே 12 அன்று பொலிவியாவுக்குள் வந்தேன். சுக்ரே என்ற ஊரில் நாலு நாள் என்று இறங்கியவன் ஏழு வாரமாக இங்கேயே இருக்கிறேன். ஒரு பாட்டி வீட்டில் அறை, காலையில் ஸ்பானிஷ் வகுப்பு, அப்புறம் சந்தையில் ஜூஸ், சாயங்காலம் ஊர் நடுச் சதுக்கமான பிளாசாவில் ஒரு பெஞ்ச். இவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை. பணம் மட்டும் கரைகிறது. கணக்கில் 20,000 சொச்சம்தான் மிச்சம். இங்கே பெரும்பாலும் ரொக்கம்தான் என்பதால் கிரெடிட் கார்டை ஏ.டி.எம்.மில் போட்டு எடுக்கிறேன். இரண்டு கார்டிலும் சேர்த்து 2.2 லட்சம் நிலுவை, மினிமம் டியூ மட்டும் கட்டி வருகிறேன். ஏ.டி.எம்.மில் டாலருக்கு 6.96 பொலிவியானோ (இந்த நாட்டுப் பணம்) கணக்கு, தெருவில் அதைவிட ஏகத்துக்கும் அதிகம். விடுதியில் பழக்கமான பெங்களூர்க்காரர் யு.எஸ்.டி.டி. (டாலர் விலையை ஒட்டியே இருக்கும் கிரிப்டோ நாணயம்) வாங்கச் சொல்கிறார், சும்மா கிடந்தாலே 12 சதவீதம் வருமாம். வங்கி ஆப்பில் 5 லட்சம் பர்சனல் லோன் தயாராக இருப்பதாகக் காட்டுகிறது. ஆகஸ்ட் 6 இந்த நாட்டின் இருநூறாவது சுதந்திர தினம், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்ப ஆசை. 90 நாள் சுற்றுலா அனுமதியும் அதோடு முடிகிறது. இதைவிட மலிவான ஊருக்கு இப்போதே போய்விடட்டுமா? எந்தக் கார்டு நல்லது? யு.எஸ்.டி.டி.யா, லோனா?

பி.கு.: செலவுப் பட்டியல் இணைத்துள்ளேன். அத்தானின் (அக்கா வீட்டுக்காரர்) ஜவுளிக் கடை கொஞ்சம் டல்லாக இருப்பதால் அப்பப்போ அனுப்பியதும் அதிலேயே இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். 2025 ஜூலையில் வந்த கடிதம், இங்கே சுருக்கியிருக்கிறேன்.)

பதில்: அவசர நிதி, மெடிக்கல் இன்சூரன்ஸ், பட்ஜெட் ஆப் எல்லாம் உங்களுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் எடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறீர்கள். அதனால் அந்தப் பாடமெல்லாம் வேண்டாம். உங்கள் கடிதத்தை ஒரு முறையும், இணைத்த பட்டியலை மூன்று முறையும் படித்தேன். கடிதத்தில் ஊர் இருக்கிறது, பணம் போன வழி பட்டியலில் இருக்கிறது.

முதலில் சுக்ரேயை விடுவித்துவிடுவோம். நான் அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் நாலு நாளுக்கு வந்த பயணிகள் மாதக்கணக்கில் தங்கிவிடும் ஊர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், காரணமும் புரிகிறது. லா பாஸில் மூச்சு வாங்கியவர்களுக்கு 2,800 மீட்டர் உயரம் என்பது இறங்கி வந்த மாதிரி. வெள்ளையடித்த பழைய வீடுகள், 1624-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், ஊர் முழுக்க மாணவர்கள், மலிவான ஸ்பானிஷ் வகுப்புகள். உங்கள் பட்டியல்படி மாதத்துக்கு அறை வாடகை 1,200 பொலிவியானோ, வகுப்பு 1,000, சாப்பாடு 1,000, இதர செலவு 400. மொத்தம் 3,600. ஏ.டி.எம். விலையில் சுமார் 517 டாலர், ரூபாயில் நாற்பத்தைந்தாயிரத்தை ஒட்டி. கார்டு கட்டணங்கள் சேர்ந்து ஐம்பதாயிரம். சென்னையில் இதைவிடக் குறைவாகவா செலவு செய்தீர்கள்? சுக்ரேயில் ஏழு வாரத்துக்கு 80,000. உங்கள் பயணத்திலேயே மலிவான ஏழு வாரம் இதுதான். பெருவின் ஏழு வாரத்துக்கு 1.9 லட்சம் ஆகியிருக்கிறது, மச்சுபிச்சு யாரையும் சும்மா விடாது. மலிவான ஊர் தேடி இப்போது பஸ் ஏறினால் பஸ் காசுதான் நஷ்டம். அடுத்து அர்ஜென்டினா என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அங்கே இப்போது டாலர் கணக்கில் விலைவாசி நன்றாக ஏறிக் கிடக்கிறது. மறந்துவிடுங்கள்.

ஏ.டி.எம். விவகாரம் நிஜம்தான். பொலிவியா 2011-இலிருந்து இந்த 2025 வரை டாலரை 6.96-இலேயே கட்டி வைத்திருக்கிறது. 2023 தொடக்கத்திலிருந்து அங்கே டாலருக்குப் பஞ்சம், அதனால் தெரு விலை தனியாக ஏறிவிட்டது. இந்த ஜூலையில் அது அதிகாரபூர்வ விலையைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். அடக்கமாக டாலருக்கு 12 பொலிவியானோ என்றே வைத்துக்கொள்வோம். 3,600 பொலிவியானோவுக்கு 517 டாலருக்குப் பதில் 300 டாலர் போதும். மாதம் பதினெட்டாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும், ஏழு வாரத்துக்கு முப்பதாயிரம். பெருவில் ஏ.டி.எம்.மிலேயே டாலர் எடுக்கலாம். எல்லை தாண்டும் முன் டெபிட் கார்டில் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. இப்போது போய் எடுத்துவர முடியாது. மிச்சமிருக்கும் நாட்களுக்கு, மார்க்கப் (வெளிநாட்டுப் பணமாக மாற்ற வங்கி போடும் கூடுதல் சதவீதம்) இல்லாத டெபிட் கார்டு இருந்தால் அதில், இல்லையென்றால் இருக்கிற டெபிட் கார்டில், வாரத்துக்கு இரண்டு தடவை சின்னச் சின்னதாக எடுக்காமல் ஒரே தடவையாக எடுங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கத்து வங்கியும் கை நீட்டும். ஏ.டி.எம். பற்றி இவ்வளவுதான்.

நீங்கள் தூக்கம் கெட்டுக் கேட்டது இந்த முப்பதாயிரத்தைப் பற்றி. மூன்று லட்சத்தைப் பி.கு.வில் போட்டுவிட்டீர்கள்.

உங்கள் பட்டியலில் இருந்து அந்த ஐந்து வரிகளை மட்டும் பிரித்து எழுதுகிறேன். மார்ச் 2, கடை வாடகை பாக்கி, 40,000. ஏப்ரல் 16, சித்தப்பா ஆஸ்பத்திரி, 30,000. ஜூன் 1, அக்கா மகன் ஸ்கூல் ஃபீஸ், 25,000. ஜூன் 8, அக்கா மகள் காதுகுத்து, 60,000. ஜூன் 29, ஆடித் தள்ளுபடிக்குக் கடைச் சரக்கு, 1,50,000. மொத்தம் 3,05,000 ரூபாய்.

காலண்டரை எடுத்துப் பாருங்கள். சித்தப்பாவுக்கு அனுப்பியது ஒரு புதன்கிழமை. மற்ற நாலும் ஞாயிற்றுக்கிழமை. நீங்களே கடிதத்தில் ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்: ஞாயிறு காலை பதினொன்றரைக்குச் சந்தையில் ஜூஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது ஊரிலிருந்து வீடியோ கால் வரும், அங்கே இரவு ஒன்பது மணி, கடை அடைத்துவிட்டு அத்தான் பேசுவார் என்று. பின்னால் பப்பாளியும் மாம்பழமுமாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து அவர் சொல்வாராம், "உனக்கென்ன மாப்ளே, உலகம் சுத்துற." அப்புறம் கடை நிலவரம். போனை வைத்ததும் எழுந்திருக்காமலே அனுப்பிவிடுவீர்களாம். அந்தச் சந்தையில் கிளாஸ் காலியானதும் ஜூஸ்காரம்மா கேட்காமலே இன்னும் கொஞ்சம் ஊற்றுவார், அதற்கு யாப்பா என்று பெயர் என்று எழுதியிருந்தீர்கள். நம் ஊர்க் கொசுறு. அந்தம்மா மிக்ஸியில் மிஞ்சியதைத்தான் ஊற்றுகிறார். நீங்கள் ஊற்றுவது கார்டில் இருந்து.

இதை உதவி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அபராதம் மாதிரித் தெரிகிறது. வேலை பார்த்த பத்து வருடத்தில் அத்தானுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பட்டியலில் அப்படி எதுவும் இல்லை, கடிதத்திலும் இல்லை. சம்பளம் வந்தபோது கேட்காதவர் சம்பளம் நின்றபிறகு கேட்கிறார். நீங்களும் வேலையில்லாமல் சந்தோஷமாக இருக்கும் குற்றத்துக்குக் கட்டிவிட்டு வருகிறீர்கள். அவரைக் குறை சொல்லவில்லை. வெளிநாட்டில் ஒரு பையன் ஜூஸ் குடிப்பதைப் பார்த்தால் யாருக்கும் அவனிடம் பணம் இருப்பதாகத்தான் தோன்றும். அது மூன்றரை வட்டிக் காசு என்று நீங்கள் சொன்னால்தானே தெரியும்?

மூன்றரை வட்டி என்று நான் சும்மா சொல்லவில்லை. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் கார்டில் ரொக்கம் எடுத்தால் கிடையாது, எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். பல கார்டுகளில் அது மாதம் 3.5 சதவீதம். எடுக்கும்போதே இரண்டரை, மூன்று சதவீதம் கட்டணம், அந்நியச் செலாவணி மார்க்கப் மூன்றரை வரைக்கும், எல்லாவற்றின் தலையிலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2.2 லட்சத்துக்கு மாத வட்டி 7,700, வரியோடு 9,000 ரூபாய். தென்காசிப் பக்கம் மூன்று வட்டிக்கு விடுகிறவரை ஊரே திட்டும். நீங்கள் மூன்றரைக்கு வாங்கி, வட்டியே இல்லாமல் அத்தானுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

"வீட்டுக்கு அனுப்பியது சேமிப்பிலிருந்துதானே, கார்டு என் சாப்பாட்டுக்குத்தானே" என்று நீங்கள் சொல்லக்கூடும். பணத்துக்கு அந்த அடையாளமெல்லாம் தெரியாது. விமானம், இன்சூரன்ஸ், மூன்று நாட்டுச் செலவு எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம் ஆகியிருக்கிறது. ஏழே முக்காலில் அது போக ஒன்றேகால் லட்சம் இன்றைக்குக் கணக்கில் இருந்திருக்க வேண்டும், கார்டைத் தொட்டிருக்கவே வேண்டாம். சுக்ரே செலவில் பாட்டி வாடகை கூட்டவில்லை, நீங்களும் ஊதாரியாக இல்லை. உங்கள் பட்ஜெட் சரியாகவே இருந்திருக்கிறது.

சரி, ஐந்தையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். காதுகுத்துக்குக் குழந்தை உட்கார வேண்டிய மடி உங்களுடையது. அன்றைக்கு நீங்கள் பொலிவியாவில் இருந்தீர்கள். தாய்மாமன் சீருக்கு 60,000 அனுப்பியதைக் குற்றம் சொன்னால் என்னை ஊருக்குள் விட மாட்டார்கள். தொகை கொஞ்சம் கூடுதல், போகட்டும், அது ஒரு முறை வருவது. சித்தப்பா ஆஸ்பத்திரியும் அப்படித்தான். ஸ்கூல் ஃபீஸ் இரண்டுங்கெட்டான். கடைக்குப் போன 1,90,000-தான் விஷயம்.

இதில் அந்தக் கடைசி ஒன்றரை லட்சம் எனக்கு உறுத்துகிறது. ஜவுளி வியாபாரத்தில் சரக்கைக் கடனுக்கு எடுத்து, விற்று, இரண்டு மூன்று மாதத்தில் கட்டுவதுதான் வழக்கம். ஆடி மாதிரி சீசனில் மொத்த வியாபாரியே கூப்பிட்டுக் கொடுப்பார். ரொக்கம் வைத்தால்தான் சரக்கு என்று அவர் சொல்கிறார் என்றால், பழைய பாக்கி நிற்கிறது என்று அர்த்தம். அப்படியானால் உங்கள் பணம் புதுச் சரக்காக மாறவில்லை, பழைய கடனை அடைக்கப் போயிருக்கலாம். மார்ச்சில் வாடகை பாக்கி, ஜூனில் ஃபீஸ், அப்புறம் சரக்கு. டல் அடிக்கிற கடையின் கணக்கு இப்படி இருக்காது, இது மூச்சுத் திணறுகிற கடை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பணம் திரும்பி வருமா என்று கேட்க மாட்டேன், மொத்த வியாபாரிக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று அக்காவிடம் கேட்பேன். என் மைத்துனர் ஒருவர் விஷயத்தில் இந்தக் கேள்வியை இரண்டு வருடம் தாமதமாகக் கேட்டவன் நான், எவ்வளவு போனது என்று இங்கே எழுதப் போவதில்லை.

அத்தானுக்கு உண்மையிலேயே மூலதனம் வேண்டுமென்றால் உள்ளூர் வங்கியில் முத்ரா கடன் இருக்கிறது, ஈடு கேட்க மாட்டார்கள். நகைக் கடன் இருக்கிறது, வட்டி உங்கள் கார்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கணக்கு வழக்கைக் காட்டினால் வங்கி கொடுக்கும். கணக்கைக் காட்ட முடியாத இடத்துக்குத்தான் பணம் மாப்பிள்ளையிடம் இருந்து போகிறது.

அடுத்து, அந்த எஃப்.டி. வைராக்கியம். ஏழு சதவீதம் வட்டியில் 4 லட்சம், மாதம் 2,300 ரூபாய் சம்பாதிக்கிறது. கார்டு மாதம் 9,000 தின்கிறது. இதற்கு மேல் விளக்க வேண்டுமா? இதைப் படித்ததும் ஆன்லைனில் உடையுங்கள். அரையோ ஒன்றோ சதவீதம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். இரண்டு கார்டையும் முழுசாக அடைத்துவிட்டு, ஆப்பில் ரொக்கம் எடுக்கும் வசதியைப் பூஜ்யமாக்குங்கள். கார்டு கையிலேயே இருக்கட்டும், ஆஸ்பத்திரி மாதிரி அவசரத்துக்கு.

யு.எஸ்.டி.டி. பற்றி, உங்கள் பெங்களூர் நண்பர் சொன்னதில் பாதி சரி. பொலிவியா 2024 ஜூனில் கிரிப்டோ தடையை நீக்கியது, டாலர் கிடைக்காத ஊரில் அது டாலராகப் புழங்குகிறது. மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. லாபம் வந்தால் நம் ஊரில் 30 சதவீத வரி, ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீத டி.டி.எஸ்., நஷ்டம் வந்தால் வேறு எதிலும் கழிக்க முடியாது. அந்த 12 சதவீதத்தை யார் தருகிறார்கள், எதிலிருந்து தருகிறார்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அதோடு, யு.எஸ்.டி.டி. வாங்கவும் ரூபாய் வேண்டும். உங்களிடம் இருப்பது 20,000. கடனில் இருப்பவன் எதில் முதலீடு செய்யலாம் என்று கேட்கும் கடிதங்கள் வாரத்துக்கு ஒன்றாவது வருகின்றன. வரவர எனக்குப் பொறுமை குறைகிறது.

பர்சனல் லோன் என்பது இன்னும் மோசமான தூண்டில். வேலையில்லாத உங்களுக்கு அந்த ஆப் இன்னும் கடன் நீட்டுகிறது என்றால், நீங்கள் வேலையை விட்டது அதற்குத் தெரியவில்லை. 3 லட்சம் எடுத்து, 15 சதவீதத்தில் மூன்று வருடம் என்றால் மாதம் 10,400 ரூபாய். சம்பளம் வராத மாதமும் அது வரும். 5 லட்சம் கணக்கில் வந்தது அத்தானுக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரியும் என்று நினைக்கிறீர்கள்?

இனி மிச்சக் கணக்கு. எஃப்.டி.யில் கார்டு போக 1.8 லட்சம், கணக்கில் 20,000. இரண்டு லட்சம் கையில். இதில் 60,000-ஐ ஊர் திரும்பி வேலை தேடும் மூன்று மாதத்துக்கு முதலிலேயே தனியாக ஒதுக்குங்கள். ஆகஸ்ட் 9 வரை சுக்ரேயில் 40,000 ஆகும். டிசம்பர் டிக்கெட் தேதியை மாற்ற 15,000, அவசரத்துக்கு 20,000. மிஞ்சுவது 65,000. லிமாவிலிருந்துதான் உங்கள் விமானம், அதனால் பெரு வழியாகத்தான் போக வேண்டும். அரேகிப்பா மாதிரி ஓர் ஊரில் சுக்ரே பாணியிலேயே ஓர் அறை எடுத்து உட்கார்ந்தால் வாரம் 12,000 வீதம் ஐந்து வாரம் ஓடும், கொஞ்சம் இழுத்தால் ஆறு. செப்டம்பர் மூன்றாம் வாரம் சென்னை. ஒரு வருடம் என்று போட்ட திட்டம் ஏழெட்டு மாதத்தில் முடிகிறது. டிசம்பர் வரை நீட்டிக்க வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கடன் வாங்காமல் இல்லை.

ஆகஸ்ட் 6 வரை தாராளமாக இருங்கள். 1825-இல் அந்த நாட்டின் விடுதலைச் சாசனத்தில் கையெழுத்துப் போட்ட கட்டடம் உங்கள் பிளாசாவிலேயே இருக்கிறது, இருநூறாவது வருடத்தில் அங்கே நிற்க இன்னொரு வாய்ப்பு வராது. விழா வாரத்தில் அறை வாடகை ஏறும், பாட்டியிடம் இன்றைக்கே 9-ஆம் தேதி வரை பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். அனுமதி முடியும் தேதியைக் குடியேற்ற அலுவலகத்தில் நேரில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கில் ஒன்று பிசகினாலும் அபராதம்.

அத்தானிடம் என்ன சொல்வது? நீளமாக விளக்கம் கொடுக்காதீர்கள், விளக்கம் கொடுத்தால் பேரம் வரும். "அத்தான், கையில் இருந்த காசு தீர்ந்துவிட்டது, கார்டுக் கடன் ரெண்டு லட்சத்தை அடைக்க எஃப்.டி.யை உடைத்துவிட்டேன், செப்டம்பரில் ஊருக்கு வந்து வேலை தேடப்போறேன்." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கொடுத்த 1,90,000-ஐத் திருப்பிக் கேட்டு இப்போது சண்டை வேண்டாம். தேதியும் தொகையும் போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு தடவை அனுப்பி, "ஞாபகத்துக்கு அத்தான்" என்று மட்டும் எழுதி வையுங்கள்.

வருகிற ஞாயிறு அந்தப் பதினொன்றரை மணி ஜூஸுக்குப் போகும்போது போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அதற்கு முன்னால் காலை ஏழரைக்கு அக்காவைக் கூப்பிடுங்கள். ஊரில் சாயங்காலம் ஐந்து மணி, அத்தான் கடையில் இருப்பார்.